‘போ’ என்னும் வினையின் திறன்

நெடுங்கரை நூற்பாலையின் வடக்கு லைனில், வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் அந்த ஒற்றை வரிசையில், ஆவுடையப்பனை நேசித்தவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் அவன் மனைவி பிரம்மசக்தியைத்தான் சுட்ட வேண்டும். ஏனையோர் அவனை வெறுத்தனர் என்பதும் சரியன்று, ஏனெனில் ஒருவனை வெறுப்பதற்கும் முதலில் அவனைப் பொருட்படுத்த வேண்டும், அவர்களோ அவனைப் பொருட்படுத்தவே இல்லை, அதுவே அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவன் தன் கையால் ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்திருந்தான். ஆலையில் எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றுவது அவன் தொழில். சுற்றியது போக எஞ்சிய செப்புக்கம்பியில் மின்மாற்றியையும், கழித்துப் போட்ட அலுமினியத் தகடுகளில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் விலாக்களையும் ஆக்கி, டிரான்சிஸ்டர்களை அவ்விலாக்களின்மேல் திருகி, முன்புறத்தில் திறனைக் காட்டும் முள் ஒன்றைப் பொருத்தி, கூடத்தின் நடுவே பெரிய மனிதரை அமர்த்துவதுபோல் அதை அமர்த்தியிருந்தான். அது ‘ஏ கிளாஸ்’ இனத்தது. அவ்வினத்தின் குணம் யாதெனில், பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் ஒரே அளவு மின்சாரத்தை உண்ணும். உண்டதில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிட்டு எஞ்சிய சிறு பகுதியை மட்டும் ஒலியாகத் தரும். ஆனால் தருகிற அந்தச் சிறிதில் பிசிறு இராது, பாடுகிறவர் எச்சில் விழுங்கினால் எச்சில் விழுங்கியது அப்படியே கேட்கும். பேசாதிருக்கும் பொழுதும் கொதித்துக்கொண்டே இருக்கிற அந்தப் பெட்டி செய்தவனின் சாயலில் இருப்பதாகப் பிரம்மசக்தி சொல்வாள். சொல்லிவிட்டு, அதன் விலாக்களின்மேல் அப்பளத்தை வைத்துச் சுட்டெடுப்பாள்.

வடக்கு லைனுக்கும் தெற்கு லைனுக்கும் அம்மன் ஒருத்திதான், கோயில்கள் இரண்டு, கொடைத் திருவிழா ஒரே நாளில். சென்ற ஆண்டுக் கொடைக்குத் தெற்கு லைன்காரர்கள் டவுனிலிருந்து பதினாறு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ரேடியோ செட்டை இறக்கியிருந்தனர். வடக்கு லைன் கமிட்டியோ ஆவுடையப்பன் கெஞ்சிய கெஞ்சலுக்கு இரங்கி அவனுடைய பெட்டியை வைத்துக்கொண்டது. உச்சிப்பொழுதில், பூசை முடிந்து சாமி இறங்க வேண்டிய வேளையில், எட்டு வாட்டுத் திறனில் அவன் வைத்த பாட்டு பந்தற்காலைத் தாண்டவில்லை; தெற்கிலிருந்து வந்த பாட்டு கூரையைப் பிய்த்தது; வடக்கு லைனின் சாமியாடி கண் செருகிப் பிரம்பைச் சுழற்றித் தெற்கு லைன் பாட்டின் தாளத்துக்கு ஆடிவிட்டார். ஒரு லைனின் சாமி மறு லைனின் பாட்டுக்கு ஆடுவதென்பது, தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் அடுத்த பந்தலில் போய் உட்கார்வதற்கு ஒப்பாகும்.

“என்னவே, ஏ கிளாஸ், ஏ கிளாஸ்ன்னீரு? கொசு கிளாஸால்லா இருக்கு!” என்றார் கமிட்டித் தலைவர் தளவாய்.

“கொசுவாவது காதுகிட்ட வந்தாக் கேக்கும் அண்ணாச்சி,” என்றான் அருகில் நின்ற உச்சிமாகாளி.

“சுத்தமான சத்தம் அண்ணாச்சி. ஒரு பிசிறு கெடையாது, கேட்டுப் பாருங்க,” என்றான் ஆவுடையப்பன்.

“சுத்தமான சத்தத்துக்கு எந்தச் சாமிவே ஆடும்? சொல்லும். நம்ம ஆத்தா தெக்க திரும்பி ஆடிட்டா. நீரு பிசிறு பாத்துக்கிட்டு இரும்.”

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வேலை, திறனைக் கூட்டுவது. ஒன்று இருந்த இடத்தில் நான்கு டிரான்சிஸ்டர்களை வரிசையாகக் கோத்தான். மின்மாற்றியைப் பிரித்து அழுத்தம் கூடுமாறு மறுபடியும் சுற்றினான். பாட்டில்லாத வேளையிலும் ஓடுகிற மின்னோட்டத்தை மேலும் மேலும் ஏற்றினான். விலாக்கள் வளர்ந்து வளர்ந்து கூடத்தின் ஒரு சுவரையே மூடிக்கொண்டன. ஆனால் ஓசையின் இயல்பே அவனுக்கு எதிராக இருந்தது. திறனை இரட்டித்தால் காது சற்றுத் தலை நிமிர்ந்து பார்க்கும், அவ்வளவுதான். ஓசை இருமடங்காயிற்று என்று காது ஒப்புக்கொள்ள வேண்டுமானால் திறன் பத்து மடங்காக வேண்டும். ஏ கிளாஸிலோ ஒவ்வொரு வாட்டுக்கும் பல வாட்டு வெப்பத்தைக் கூடத்தில் குடியேற்ற வேண்டும். முள் எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு நகர்வதற்குள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் வெப்பத்தில் நின்றுபோயிற்று, தோசை மாவு ஆட்டிய ஒரு நாழிகையில் புளித்துப் பொங்கியது, லைன் முழுவதும் பல்புகள் செம்மிளகாய் நிறத்தில் எரிந்தன.

அடுத்த வீட்டில் வெள்ளத்தாய் இருந்தாள். வடக்கு லைனில் அவள் நாவுக்கு நிகரான நா இல்லை என்பதைத் தெற்கு லைனும் ஒப்புக்கொள்ளும். மின்சாரம் மெலிந்ததால் அவளுடைய மாவரைக்கும் யந்திரம் ஒரு காலையில் முனகி நின்றது. அவள் சுவருக்கு இந்தப்புறம் நோக்கி வாயைத் திறந்தாள்.

“அரைக்கவும் மாட்டேங்கு, எரியவும் மாட்டேங்கு, இவன் வீட்டுக்குள்ள என்னத்த வச்சு எரிக்கான்! வெளங்காமப் போவான், நாசமாப் போவான், நாசமாப் போ!”

பன்னிரண்டில் நின்ற முள் பதினாறுக்கு ஏறியது. பாடிக்கொண்டிருந்த பாட்டு சன்னலைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, அங்கே குடம் வைத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆவுடையப்பன் வியக்கவில்லை. சுற்று எங்கே முழுமையடைகிறதோ அங்கே மின்னோட்டம் பாயும் என்பது மோட்டார் சுற்றுகிறவனுக்குத் தெரியும். அவன் சுவரருகே சென்று, “மைனி, இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றான். வெள்ளத்தாய் இன்னொரு தடவை சொன்னாள். கேட்டுக்கொண்டதைவிட அதிகமாகவே சொன்னாள். முள் இருபதைத் தொட்டது.

சொல்லி முடித்த வெள்ளத்தாய், முற்றத்தில் நின்ற பிரம்மசக்தியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “ஒங்களச் சொல்லல மைனி, ஒங்க வீட்டுக்காரரத்தான்,” என்றாள்.

“தெரியும் மைனி,” என்றாள் பிரம்மசக்தி, சிரித்துக்கொண்டே.

வடக்கு லைனில் வழங்கும் வசவுகளை இலக்கணம் அறிந்த எவரேனும் தொகுத்து நோக்கினால் அவை யாவும் ‘போ’ என்னும் ஒரே வினையில் முடிவதைக் காண்பர்: நாசமாய்ப் போ, பாழாய்ப் போ, பேதியில் போ, கட்டையில் போ, கெட்டுப் போ, அழிந்து போ. வா என்று திட்டுகிறவர் எவரும் இலர். இரு என்று சபிக்கிறவரும் இலர். ஆகவே, அந்த லைனில் இருந்த அத்தனை வாய்களும் தன்னை நோக்கிப் ‘போ’ என்று சொல்லுமாறு செய்வதே ஆவுடையப்பனுக்குத் தொழிலாயிற்று. குழாயடிக்குக் குறுக்கே சைக்கிளை நிறுத்திப் பூட்டினான். உலரப்போட்ட மிளகாயின்மேல் தண்ணீரைக் கொட்டினான். இரவுப்பணி முடிந்து வந்தவர்கள் கண்ணயரும் முற்பகலில் தகரத்தைத் தட்டினான். தளவாய் ஆலையில் பஞ்சு மூட்டைகளுக்கிடையே படுத்துறங்குவதை மேற்பார்வையாளருக்குக் காட்டிக் கொடுத்தான். வசவுகள் வந்தன. ஆண்களின் வசவு தாழ்ந்த சுரங்களுக்கு வலிமை தந்தது. குழாயடிப் பெண்களின் வசவு உச்சத்தில் மணிபோல் நின்றது. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தவர்களின் வசவு மட்டும் பயனற்ற இரைச்சலாய்ச் சேர்ந்தது. அத்தகையோரை அவன் வீடு தேடிச் சென்று, “வாயத் தெறந்து திட்டுங்க,” என்று கடிந்தான்.

காரணம் வெளிப்பட்டபொழுது வடக்கு லைனும் வியக்கவில்லை. திட்டினால் அவன் பெட்டிக்குப் பலம் என்றால் திட்டாதிருப்பது என்று கமிட்டி கூடி முடிவெடுத்தது. அதைப் போன்ற கொடிய காலம் அந்த லைனுக்கு அதற்குமுன் வந்ததில்லை. விழுங்கிய வசவு செரிக்கவில்லை. ஆண்களுக்கு நெஞ்செரிச்சல் கண்டது; பெண்களுக்குத் தாடை வீங்கியது; உச்சிமாகாளி அன்றாடம் ரயில்வே கேட்டுவரை நடந்து சென்று கூட்ஸ் வண்டியைத் திட்டிவிட்டு வந்தான்; வெள்ளத்தாய் தன் கோழிகளைத் திட்டினாள், அவை முட்டையிடுவதை நிறுத்தின. முள் பழையபடி பன்னிரண்டுக்கு இறங்கியது. ஆவுடையப்பன் வாசலில் நின்று போவோர் வருவோரை ஏக்கத்துடன் நோக்கினான், அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, “சாப்பிட்டீகளா?” என்று கேட்டுவிட்டு நடந்தனர்.

இந்த நிலையில்தான் தெற்கு லைன் இவ்வாண்டு இருபத்துநான்கு குழாய் கட்டப்போகிறது என்னும் செய்தி வந்தது.

தளவாய் அதைக் கேட்டதும் கமிட்டியைக் கூட்டினார். பிறகு, “நம்ம லைன்ல வாய்க்கு என்ன பஞ்சமாவே?” என்றார். “இருக்கது முழுசையும் இவன் பெட்டிக்குள்ள எறக்குவோம். ஆத்தா இந்த வருசம் தெக்க திரும்பக் கூடாது. இவனத் திட்டுறது இனிமே கோயில் காரியம்.”

கோயில் காரியம் என்றானபின் அதற்கு முறை வகுக்கப்பட்டது. காலையில் குழாயடியில் தண்ணீர் வரும் நேரத்தில், அன்றன்றைக்கு முறை வந்த வீட்டார் ஆவுடையப்பன் வாசலில் நின்று திட்ட வேண்டும். அவர்கள் குளித்து, தலை சீவி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடமையாகத் திட்டுவது எத்துணைக் கடினம் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

“அண்ணாச்சி, நீங்க இன்னைக்கி எனக்கு ஒண்ணுமே பண்ணலியே,” என்று உச்சிமாகாளி தலையைச் சொறிந்தான். “வாய் வர மாட்டேங்கு. எதையாவது செஞ்சிட்டுப் போங்க.”

ஆவுடையப்பன் இறங்கி வந்து, உச்சிமாகாளியின் சைக்கிளை எட்டி உதைத்தான். “போதுமா தம்பி?”

“ஸ்டாண்டுதான் வளஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம்.”

அவன் சைக்கிளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டான்.

“ஏ, புதுச் செயினு! பேதியில போவ! நாசமாப் போவ!”

“நாலு வாட்டு,” என்றான் ஆவுடையப்பன். “நல்லா இருப்ப தம்பி.”

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் தீங்கு செய்ய ஒருவனால் இயலுமா? அதற்கும் கமிட்டி வழி கண்டது. வாய் வராதவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று, குழாயடிச் சுவரில் ஆலையின் பெயின்டரைக் கொண்டு வசவுகளைப் பெரிய எழுத்தில் எழுதுவித்தது. முதல் வரியாக, ‘நாசமாய் போ’ என்று அவன் எழுதினான்.

‘நாசமாய்’ என்பதை அடுத்துப் ‘போ’ வருமிடத்தில் வல்லினம் மிகும். ‘நாசமாய்ப் போ’ என்பதே சரி. இதைப் பள்ளிக்கூடம் காணாத வெள்ளத்தாயின் வாயும் தவறவிட்டதில்லை. தானாகத் திட்டுகிற வாய் ‘ப்’ என்னும் அந்த ஒற்றை ஒருபோதும் விடுவதில்லை, ஏனெனில் இதழ்கள் இரண்டும் இறுக மூடி, மூச்சு அவற்றின் பின்னே அடைபட்டு, பிறகு வெடித்துத் திறக்கிற அந்தக் கணத்தில்தான் வசவின் உயிர் இருக்கிறது. எழுதுகிற கைதான் அதை விட்டுவிடுகிறது. எழுதியதைப் பார்த்துப் படிக்கிற வாயும் அதன் பின்னே போய்விடுகிறது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல், ‘நாசமாய் போ, பாழாய் போ’ என்று ஒற்றில்லாமல் ஒப்பித்தனர். ஒற்றில்லாத வசவு காற்றுப் போன பந்துபோல் வாசலில் விழுந்தது. முள் நாளுக்கு நாள் இறங்கியது. பிசிறே அறியாத அந்தப் பெட்டி முதன்முறையாகக் கரகரத்தது. குறையைக் கண்டுபிடித்த தளவாய், விடுபட்ட ‘ப்’பை இரண்டு எழுத்துகளுக்கிடையே சிறிதாகச் செருகி எழுதச் செய்தார்; மறுநாள் அவர்கள் அந்த ஒற்றையே குறிவைத்து ‘ப்ப்ப்’ என்று உமிழ, பெட்டியில் பட்டாசு வெடித்ததே தவிரத் திறன் கூடவில்லை. எழுதிக் கொடுத்த வெறுப்புக்கு எப்படி எழுதினாலும் உயிர் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவே பிரம்மசக்தி தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். தங்கள் மிளகாயை நனைத்தவனின், தங்கள் செயினைக் கெடுத்தவனின் மனைவி என்று அவள் குடத்தைச் சுற்றி ஒரு முழ இடம் விட்டு மற்றக் குடங்கள் நின்றன. அவள் வந்தால் பேச்சு நிற்கும், அவள் போனால் தொடரும். வெள்ளத்தாய் ஒருத்திதான் அந்த முழ இடத்துக்குள் தன் குடத்தைக் கொண்டுவந்து வைப்பாள், ‘மைனி’ என்று அழைப்பாள். பிரம்மசக்திக்கு அந்த லைனில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

“ஏங்க,” என்றாள் அவள் ஒரு நாள், சோற்றைப் போட்டுவிட்டு எதிரே அமர்ந்து. “பன்னெண்டு வாட்டு போதாதா? நமக்குக் கேட்டாப் போதாதா?”

“நமக்குக் கேட்டா என்ன பிரயோசனம்? லைனுக்குக் கேக்கணும். தெக்கு லைனுக்குக் கேக்கணும்.”

“கேட்டு?”

அவன் சோற்றைப் பிசைந்தான். பேச்சை மாற்றும் எண்ணத்தில் அவள், தனக்குள்ளேயே வைத்திருந்து வலித்த ஒன்றைச் சொன்னாள்: வெள்ளத்தாயின் மகள் செண்பகம் பேறுகாலத்துக்கு வந்திருப்பதாக லைன் நம்புகிறதே, அது அப்படியன்று, கரு கலைந்துவிட்டது, புருசன் வீட்டார் தள்ளிவைத்துவிட்டார்கள், வெள்ளத்தாய் அழுததை இந்த முந்தானைதான் துடைத்தது. “வெளிய தெரியக் கூடாது, என்ன?” என்றாள். அவன் தலையசைத்தான். தலையசைத்தவனின் கண் முள்ளின்மேல் இருந்தது.

கொடைக்கு முந்தின காலை, குழாயடி நிறைந்திருந்த வேளையில், அவன் பெட்டியோடு இணைத்திருந்த மைக்கை எடுத்தான். வெள்ளத்தாயின் மகள் பேறுகாலத்துக்கு வரவில்லை, தள்ளிவைக்கப்பட்டு வந்திருக்கிறாள் என்று, பிசிறில்லாமல், ஓர் எழுத்தும் மழுங்காமல், லைன் முழுவதற்கும் சொன்னான். சொல்லிவிட்டு மைக்கை வைத்து, முள்ளின் முன்னே குத்துக்காலிட்டு அமர்ந்தான். வடக்கு லைனின் தலைசிறந்த நாவிலிருந்து, அதன் வாழ்நாளின் தலைசிறந்த வசவு இனி வரும். அது ஒன்றே இருபத்துநான்கு குழாய்களை அடக்கும் என்பது அவன் கணக்கு.

வெள்ளத்தாய் வாசலுக்கு வந்தாள். குடங்கள் நிரம்பி வழிந்தன, எவரும் நகர்த்தவில்லை. அவள் வாயைத் திறந்தாள். அவள் பார்வை ஆவுடையப்பன்மேல் விழவில்லை. குடத்துடன் நின்ற பிரம்மசக்தியின்மேல் விழுந்தது.

“மைனி,” என்றாள் பிரம்மசக்தி.

வெள்ளத்தாய் திறந்த வாயை மூடினாள். குழாயடிக்கு இறங்கி வந்து, தன் குடத்தை அந்த முழ இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

முள் சுழிக்கு விழுந்தது. அவளுடைய வாய் மூடியதும் லைனின் மற்ற வாய்களும் மூடின. இம்முறை கமிட்டி சொல்லி மூடியவை அல்ல. இத்தகையவனிடம் செலவழிப்பதற்குச் சொல் இல்லை என்று அவரவராக மூடினர்.

மறுநாள் கொடை. சூரியன் உச்சிக்கு ஏறியது. தெற்கு லைனின் இருபத்துநான்கு குழாய்களும் ஒருசேர முழங்கியபொழுது வடக்குப் பந்தலின் தோரணங்கள் அடித்துக்கொண்டன. சாமியாடியின் தோள் தெற்குத் தாளத்துக்குத் துள்ளத் தொடங்கியது. பந்தலில் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்த பெட்டி விலாக்கள் தகதகக்கக் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் அதிலிருந்து வந்த பாட்டை அதன்மேல் காதை வைத்தவன்தான் கேட்க இயலும்.

“ஏவே, ஆத்தா திரும்புதாவே! எதையாவது பண்ணும்!” என்று தளவாய் அலறினார். “திட்டுங்கலே, எல்லாரும் திட்டுங்கலே!”

எவரும் திட்டவில்லை. ஆவுடையப்பன் நாற்புறமும் பார்த்தான். அவனைப் பார்த்தவர்கள், வழியில் கிடக்கும் கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தனர்; தொடங்கிய இடத்துக்கே அவன் வந்து சேர்ந்திருந்தான். பந்தலின் ஓரத்தில், தன்னைச் சுற்றி ஒரு முழ இடத்துடன், பிரம்மசக்தி நின்றாள். கையில் துணிப்பை இருந்தது. பூசைச் சாமான் என்று அவன் நினைத்தான்.

அவன் மைக்கின் வயரை இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடினான்.

“பிரமு, நீ ஒரு வார்த்த சொல்லு. நீ இதுவரைக்கும் என்னைய ஒண்ணுமே சொன்னதில்ல. உள்ளுக்குள்ள எவ்வளவு இருக்கும்! அம்புட்டையும் சேத்து ஒரே ஒரு தடவ, ‘நாசமாப் போ’ன்னு சொல்லிரு தாயி. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்.”

“வாய் வர மாட்டேங்கு,” என்றாள் அவள்.

“மனசுல இருக்கத அப்படியே சொல்லு. போதும்.”

அவள் மூடிக் கிடந்த வெள்ளத்தாயின் கதவை ஒருமுறை பார்த்தாள். அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு, மைக் வாயருகே இருப்பதைப் பொருட்படுத்தாமல், அடுக்களையில் பேசுகிற குரலில் சொன்னாள்:

“நான் போறேன்.”

முள் கடைசிக் கோட்டைத் தாண்டி, அதற்கு அப்பால் அடிக்கப்பட்டிருந்த சிறு ஆணியில் மோதி நின்றது. தெற்கு லைனின் குழாய்கள் முழங்கிக்கொண்டுதான் இருந்தன, ஆயினும் அவை முழங்குவதை எவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு சொற்கள் இரண்டு லைன்களையும் கடந்து, ஆலைக்குள் நூற்கும் கதிர்கள் சுழலும் இரைச்சலையும் கடந்து, ரயில்வே கேட்டுக்கு அப்பால் கூட்ஸ் வண்டியில் அமர்ந்திருந்தவரையும் எட்டின. அவற்றில் வன்மம் இல்லை, அழுகை இல்லை, ஒரு பிசிறு இல்லை. சொல்லுமுன் அவள் எச்சில் விழுங்கியது எச்சில் விழுங்கியதாகவே கேட்டது. தெற்குச் சாமியாடி பிரம்பைத் தாழ்த்தினார். வடக்குச் சாமியாடி, எந்தத் தாளத்துக்கும் ஆடாமல், தரையில் அமர்ந்துவிட்டார்.

“பாத்தீகளா அண்ணாச்சி!” என்று ஆவுடையப்பன் கத்தினான். “முள்ளப் பாத்தீகளா! ஆணியில போய் நிக்கு!”

எவரும் முள்ளைப் பார்க்கவில்லை. ஊர் முழுவதும் அசையாமல் நின்று, சொல்லின் மீதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் கடைக்குப் போகிறவரும் ‘போய்ட்டு வாரேன்’ என்றுதான் சொல்வார், சிறைக்குப் போகிறவரும் ‘போய்ட்டு வாரேன்’ என்றுதான் சொல்வார். ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லி எவரும் வாசற்படி இறங்கியதில்லை. ‘போய்விட்டு’ என்பது எச்சம், அது தனித்து நில்லாது, ‘வருகிறேன்’ என்று ஒன்று பின்னால் வந்து அதை முடித்தாக வேண்டும். ‘போகிறேன்’ என்பது முற்று, அதற்குப் பின்னால் ஒன்றும் வர வேண்டியதில்லை. இத்தனை நாளும் அத்தனை வாய்களும் அவனை நோக்கி ஏவிய வினையை, எவர்மேலும் ஏவாமல், அவள் தன்மை இடத்தில் வைத்துத் தனக்கே எடுத்துக்கொண்டாள்.

“ஏவே,” என்றார் தளவாய், மெதுவாக. “அவ மிச்சத்தச் சொல்லலியேவே.”

அப்பொழுதுதான் அந்தத் துணிப்பையில் இருந்தது பூசைச் சாமான் அல்ல, அவள் சேலைகள் என்பது அவனுக்கு விளங்கியது. அதற்குள் அவள் குழாயடியைத் தாண்டியிருந்தாள். வெள்ளத்தாயின் கதவு திறந்தது. வெள்ளத்தாய் ஒரு செம்புத் தண்ணீருடன் வெளியே வந்து நீட்டினாள். பிரம்மசக்தி நின்று, அண்ணாந்து குடித்து, செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வாரேன்னு சொல்ல மாட்டீகளா மைனி?” என்றாள் வெள்ளத்தாய்.

“ஒங்களுக்கு வாரேன் மைனி,” என்றாள் பிரம்மசக்தி.

ஆவுடையப்பன் மைக்கை இரு கைகளாலும் பற்றி வாயோடு சேர்த்துக்கொண்டு, “பிரமு, போய்ட்டு வாரேன்னு சொல்லு! போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ!” என்று, அடிவயிற்றிலிருந்து கத்தினான். விலாக்கள் கொதித்தன, விளக்குகள் சிவந்தன. அவன் குரல் பந்தற்காலைத் தாண்டவில்லை.

வடக்கு லைனில் இப்பொழுது அவனை எவரும் திட்டுவதில்லை. குழாயடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரத்தை உண்டுகொண்டு, அவன் கூடத்தில் அந்தப் பெட்டி கொதித்துக்கொண்டிருக்கிறது. லைன்காரர்கள் மட்டும் அவன் வாசலைக் கடக்கும்பொழுதெல்லாம், கடைக்குப் போகிறவரும், வேலைக்குப் போகிறவரும், உள்ளே திரும்பி, ஒற்றெழுத்து ஒன்றும் குறையாமல் உரக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: “போய்ட்டு வாரோம் அண்ணாச்சி.”

ஒவ்வொரு முறையும் அவன் முள்ளைப் பார்க்கிறான். அது அசைவதில்லை.